வந்தா சொல்லு

அளவுக்காரர் என்று ஓர் இனம் உண்டு. தையற்கடைக்காரரைச் சொல்லவில்லை, அவர் அளந்தால் கடைசியில் ஒரு சட்டையாவது கைக்கு வரும். நான் சொல்வது அளப்பதற்காகவே அளக்கிறவரை. நீங்கள் மாடியேறினால் உங்களுக்கு மூச்சு வாங்குகிறதா என்று பார்க்க மாட்டார், எவ்வளவு நேரத்தில் ஏறினீர்கள் என்று பார்ப்பார். விருந்துக்குப் போனால் இலை போட்டதற்கும் சோறு வந்ததற்கும் நடுவே எவ்வளவு நேரம் ஆயிற்று என்று பக்கத்து இலைக்காரருக்குச் சொல்வார். துக்க வீட்டிலிருந்து திரும்பும்போது, மூத்த மருமகள் போன சாவுக்கு அழுததைவிட இந்தச் சாவுக்குக் குறைவாகத்தான் அழுதாள் என்று கணக்கு ஒப்பிப்பார். தான் மட்டும் மாடியேற மாட்டார், பரிமாற மாட்டார், அழ மாட்டார். செய்கிறவனுக்கு அளக்க நேரம் ஏது?

இந்த இனம் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் கையில் கருவியோடு நான் பார்த்த அளவுக்காரர் ஒருவர்தான். எண்பதுகளின் நடுவில், ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்கிற முக்கில் குடையும் ஸ்வெட்டரும் விற்றுக்கொண்டிருந்த சையத் இப்ராஹிம் பாய். துபாயிலிருந்து லீவில் வந்த அவருடைய தம்பி, வீட்டுக்கு ஒரு டேப் ரெக்கார்டரும் அண்ணிக்கு ஒரு சேலையும் கொடுத்துவிட்டு, அண்ணனுக்கு என்ன கொடுப்பது என்று தெரியாமல், கழுத்தில் மாட்டிக்கொள்கிற ஸ்டாப்வாட்ச் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனான். அவன் என்ன செய்தான் என்று அவனுக்கே தெரியாது.

முதல் வாரம் வீட்டிலேயே ஆராய்ச்சி நடந்தது. மனைவி பரிதா டீ போடுவதற்கு நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் இருக்கிறது என்று கண்டுபிடித்தார்.

"ஏனுங்க, நீங்க டீ குடிக்கறீங்களா, பரீட்சை வெக்கறீங்களா?" என்றார் அந்த அம்மாள். "அளந்து முடிக்கறதுக்குள்ள ஆறிப்போச்சு பாருங்க."

பிறகு ஆராய்ச்சி ஊருக்குள் வந்தது. சலூனில் தன் தலையை வெட்ட எடுத்துக்கொண்ட நேரத்தைவிடப் போலீஸ்காரர் தலைக்கு அதிக நேரம் எடுத்துக்கொண்டார்கள் என்று தகராறு செய்தார். பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை பயான் போன வாரத்தைவிட நீண்டுவிட்டது என்று ஹஜரத்திடமே போய்ச் சொன்னார். அளவுக்காரரை அடையாளம் கண்டுபிடிக்க முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, வலது கட்டைவிரலைப் பார்த்தால் போதும். எதையோ அமுக்குவதற்குத் தயாராக எப்போதும் கொஞ்சம் மடங்கியே இருக்கும். இப்ராஹிம் பாய் தூங்கும்போதும் அப்படித்தான் இருக்கும் என்று பரிதா அம்மாள் சொல்லிக் கேள்வி.

இதெல்லாம் ஊருக்குப் பொழுதுபோக்கு. யாருக்கும் நஷ்டமில்லை. சித்தன் விஷயம் அப்படியல்ல.

சித்தன் வெள்ளக்கடை என்கிற மலைக் கிராமத்துப் பக்கத்துப் பையன். சரிவில் கொஞ்சம் சாமைக் காடு, நாலு வரிசை காப்பிச் செடி, அம்மா மாதம்மாள், அதுதான் குடும்பம். சேலத்தில் காலேஜ் படிக்கும்போது முறையாகப் பயிற்சி எடுத்து, நெடுந்தூர ஓட்டத்தில் ஜில்லா அளவில் ஜெயித்தவன். மலைக்குக் கீழே ஒரு நூல் மில்லில் ஓட்டக்கார அணி வைத்திருந்தார்கள். அணியில் சேர்த்துக்கொண்டால் மில்லில் நிரந்தர வேலை. இந்த வருஷம் விட்டால் வயது தாண்டிவிடும்; அப்புறம் சாமைக் காடும் மழையும்தான், ஓட்டத்தை மறந்துவிட வேண்டியதுதான். மில்லின் விளையாட்டு அதிகாரி காளியப்பன் அவனிடம் சொன்னது இது:

"வேகமா ஓடறவன் எங்ககிட்ட நெறயப் பேரு இருக்கறான் தம்பி. ஒரு நாளு பறப்பான், மறுநாளு படுத்துக்குவான். எனக்கு வேண்டியது எந்நாளும் ஒரே மாதிரி ஓடற ஆளு. ஆறு ஞாயித்துக்கெழமை அதே தூரத்த ஓடு. உங்கூர்ல பொறுப்பான மனுசன் யாராச்சும் அளந்து அனுப்பட்டும்."

ஏற்காட்டில் ஸ்டாப்வாட்ச் வைத்திருந்த பொறுப்பான மனுஷன் யார்? சித்தன் நேராகக் குடைக் கடைக்கு வந்தான். மாடு தானே வந்து கசாப்புக் கடையில் நின்ற மாதிரி.

இப்ராஹிம் பாய்க்குப் பிறந்த பலன் கிடைத்துவிட்டது. அன்று முழுக்கக் குடை வாங்க வந்தவர்களுக்கெல்லாம் இலவசமாகச் 'சீர்' பற்றிப் பிரசங்கம் கிடைத்தது. "வேகமுங்கறது பெரிய காரியமில்லீங்க. நாய் தொரத்துனா நானும்தான் வேகமா ஓடுவேன். இன்னிக்கு ஓடுனத நாளைக்கும் ஓடோணும், அதையே நாளான்னைக்கும் ஓடோணும். அதுதானுங்க சீரு!" பாய் நாய்க்கு என்ன, பஸ்ஸுக்குக்கூட ஓடியதில்லை என்பது ஊரறிந்தது.

பாதை முடிவாயிற்று. காலை ஆறு மணிக்கு ஒண்டிக்கடையில் கிளம்பி, சேலம் ரோட்டில் கொண்டை ஊசி வளைவுகள் வழியாகப் பாதி மலை இறங்கி, அங்கே ஒரு மைல்கல்லைத் தொட்டுவிட்டு, திரும்ப மலையேறி ஒண்டிக்கடைக்கே வர வேண்டும். பார்த்தாலே நமக்கு முழங்கால் வலிக்கிற பாதை. சித்தன் தலையாட்டினான்.

அதற்குமேல் பாய் போட்ட சட்டங்கள்தான் இந்தக் கதைக்கே ஆதாரம். முதல் சட்டம்: அளக்கிறவர் ஓடுகிறவனைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் பாசம் வரும், பாசம் வந்தால் கட்டைவிரல் முந்திக்கொள்ளும். "கண்ணு ஏமாத்தும், வாட்ச் ஏமாத்தாது" என்று சொல்லி, கடைக்குள் ரோட்டுக்கு முதுகைக் காட்டி நாற்காலியைப் போட்டுக்கொண்டார். இரண்டாவது சட்டம்: வாட்ச் கையில் இருக்கும்போது அவரிடம் யாரும் பேசக் கூடாது. மூன்றாவது: ஓடி வந்தவன் சட்டென்று நின்றால் நெஞ்சுக்கு ஆகாது, நிற்காமல் அப்படியே ஏரிக்கரைக்குப் போய் நடந்துகொண்டிருக்க வேண்டும், கூப்பிட்டு அனுப்பினால் மட்டும் வர வேண்டும்.

முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறவருக்கு ஆள் வந்தது எப்படித் தெரியும்? அதற்குத்தான் சிக்கந்தர். பரிதா அம்மாளின் தம்பி. சேலம் ரோடு ஊருக்குள் திரும்புகிற வளைவில் டீக்கடை வைத்திருந்தான். அங்கிருந்து கத்தினால் குடைக் கடைக்குக் கேட்கும். பாய் போய் அவனிடம் இரண்டே வார்த்தை சொன்னார்.

"மாப்ள, வந்தா சொல்லு."

"ஆகட்டுங்க மச்சான்" என்றான் சிக்கந்தர்.

முதல் ஞாயிற்றுக்கிழமை நல்ல பனி; அந்தப் பருவத்தில் எந்தக் காலையிலும் ரோட்டில் யார் போகிறார்கள் என்றே தெரியாது. சேலத்திலிருந்து காலை பஸ்ஸில் வருகிற பேப்பர் கட்டுக்காக நானும் இன்னும் பத்துப் பேரும் காதைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தோம். பாய் நாற்காலியில், பனிக்கும் உலகத்துக்கும் முதுகைக் காட்டியபடி. வளைவிலிருந்து "வந்தாச்சுங்க!" என்று குரல் வந்தது. கட்டைவிரல் அமுக்கியது. முதல் அளவு கிடைத்தது. பாய் அதை ஒரு அட்டையில் குறித்து, கல்லாப் பெட்டிக்கு மேலே மாட்டினார்.

இரண்டாவது வாரம் நேரம் கூடிவிட்டது. ஏரிக்கரையிலிருந்து சித்தனைக் கூப்பிட்டு விசாரணை நடந்தது.

"ராத்திரி என்ன கண்ணு சாப்புட்ட?"

"சாமைச் சோறுங்க பாய்."

"அதானே பாத்தேன்! சாமை காலப் புடிச்சு இழுக்குது. இனிமே தொடாத."

மூன்றாவது வாரம் நேரம் நன்றாகக் குறைந்தது. இடையில் பாய் முட்டை சாப்பிடச் சொல்லியிருந்தார். அன்றைக்கு ஒண்டிக்கடையில் பாயைப் பிடிக்க முடியவில்லை. "முட்டைங்க! ஒரே வாரம்! எப்படி எறங்கிருச்சு பாத்தீங்களா!" என்று பஸ் ஏற நின்ற சைவக்காரர்களுக்கெல்லாம் முட்டை உபதேசம். நாலாவது வாரம் முட்டை சாப்பிட்டும் நேரம் கண்டபடி ஏறிவிட்டது. முட்டையைக் குறை சொல்ல முடியாதே? ஆகவே சித்தனின் நடத்தையைக் குறை சொல்ல வேண்டியதாயிற்று.

"மனசு ஒரு எடத்துல இல்ல. யாரயாச்சும் நெனச்சுட்டு ஓடுனயா?"

"இல்லீங்க பாய். ஒரே மாதிரித்தான் ஓடுன மாதிரி இருந்துச்சுங்க."

"உனக்கு என்ன சாமி தெரியும்? ஓடறவன் நீ. அளக்கறவன் நானு."

இந்த வாக்கியத்தைப் பொன்னெழுத்தில் பொறித்து, நாட்டில் உள்ள எல்லா ஆபீஸ் வாசலிலும் மாட்டலாம். பாவம், சித்தன் நம்பிவிட்டான். நல்ல உடம்பு, நல்ல பயிற்சி, காலை எங்கே வைக்கிறோம் என்று ஒவ்வொரு வளைவிலும் தெரிந்தவன். அவன் தன் காலை நம்பாமல் இன்னொருவர் கட்டைவிரலை நம்பினான். சாமையை விட்டான். இடது பக்கம் படுப்பதை விட்டான். சினிமாவை விட்டான். ஐந்தாவது வாரம் ஏரிக்கரையிலிருந்து கூப்பிட்டபோது அவன் முகத்தில் களைப்பைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது.

வெள்ளக்கடை வரைக்கும் செய்தி போய்விட்டது. ஒருநாள் மாதம்மாள் கடைக்கே வந்து, "ஏனுங்க பாய், எம் பையனுக்கு வேலை கெடைக்குமுங்களா?" என்று கேட்டார்.

"திறமை இருக்குதுங்கம்மா. ஆனா உம் பையங்கிட்ட சீரு இல்லீங்க."

அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். மறுநாள் ஒரு கூடை நிறையக் கமலா ஆரஞ்சும், ஒரு பலாப்பழமும், வெற்றிலை பாக்கும் கடை வாசலில் வந்து இறங்கின. "எங்களால முடிஞ்ச சீரு இவ்வளவுதானுங்க. கொறையா நெனச்சுக்காதீங்க" என்றார் மாதம்மாள். எங்கள் பக்கத்தில் சீர் என்றால் தட்டு வைத்துச் செய்கிற சீர்தான். இன்றைக்கு ஓடியதை நாளைக்கும் ஓடுவது சீர் என்று அந்த அம்மாளுக்கு யார் சொன்னார்கள்? பாய் வெட்கப்பட்டுத் திருப்பிக் கொடுத்தார். பலாப்பழத்தை மட்டும் பரிதா அம்மாள் உள்ளே எடுத்து வைத்துவிட்டதாகப் பேச்சு.

ஐந்து வார அளவும் கீழே மில்லுக்குப் போயிற்று. கூடவே பாயின் தீர்ப்பும்: 'திறமை உண்டு. சீர் இல்லை.' காளியப்பனுக்கு அது விசித்திரமாகப் பட்டிருக்க வேண்டும். இவ்வளவு ஏற்ற இறக்கம் நோயாளிக்குக்கூட வராதே? ஆறாவது ஞாயிற்றுக்கிழமை தானே மலையேறி வந்து பார்த்துவிட்டு, வேண்டாம் என்று முடித்துவிடுவதாகச் சொல்லியனுப்பினார். காலை பஸ்ஸில் வருகிறேன் என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் மறக்க மாட்டேன். தூறல், பனி, பத்தடிக்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியாது. ஆறு மணிக்குச் சித்தன் கிளம்பினான். பாய் ரோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். நேரம் போயிற்று. பஸ்ஸும் வரவில்லை, பேப்பரும் வரவில்லை, சிக்கந்தரின் குரலும் வரவில்லை. போன வார நேரம் தாண்டிற்று. முட்டை வாரத்து நேரம் எப்போதோ தாண்டிற்று. பாய் முகத்தில் கவலையும் இருந்தது, ஒரு திருப்தியும் இருந்தது. தன் தீர்ப்பு இவ்வளவு அழகாக நிரூபணமாகும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை.

அப்போது ஏரிப் பக்கத்திலிருந்து ஒரு ஆள் நடந்து வந்து கடை வாசலில் கூச்சத்தோடு நின்றது. வாரிய தலை, மாற்றுச் சட்டை, குளிரில் கட்டிய கை. சித்தன்தான். நடந்து நடந்து உடம்பு ஆறி, கூப்பிடுவார்கள் கூப்பிடுவார்கள் என்று பார்த்து, முதல் தடவையாகச் சட்டத்தை மீறி வந்துவிட்டான். ஆனால் பாயிடம் பேச அவனுக்குத் துணிச்சல் வரவில்லை. வாட்ச் கையில் இருந்ததே! அவர் முதுகுக்குப் பின்னால் மூன்று முழ தூரத்தில் நின்றான். அவர் அவன் எப்போது வருவான் என்று அளந்துகொண்டிருந்தார்.

வளைவிலிருந்து குரல் வந்தது: "வந்தாச்சுங்க!"

கட்டைவிரல் அமுக்கியது. "நொம்ப மோசம்!" என்று எழுந்து திரும்பிய பாய், சித்தனைப் பார்த்தார். ஓடி வந்த ஆளுக்கு மூச்சு வாங்கவில்லை, வேர்வை இல்லை, தலை வாரியிருக்கிறது. அவன் பின்னாலேயே ஆவியை விட்டுக்கொண்டு பஸ் வந்து நின்றது. காளியப்பன் இறங்கினார்.

"ஏப்பா, நீ இங்க நிக்கற?" என்றார் சித்தனைப் பார்த்து. "கீழ வளைவுல ரேடியேட்டருக்குத் தண்ணி தேடிட்டு நாங்க நின்னப்பவே நீதான பஸ்ஸத் தாண்டி மேல போன? நான் உள்ள உக்காந்து பஸ்ஸு எவ்வளவு லேட்டுன்னு வாட்ச்சப் பாத்துட்டு இருந்தேன்."

பாய் வளைவைப் பார்த்துக் கத்தினார். சிக்கந்தர் டீ கிளாஸோடு ஓடி வந்தான்.

"இப்ப யாரு வந்தான்னு கத்துன?"

"பஸ்ஸுங்க மச்சான்."

"பஸ்ஸா? போன வாரம்?"

"பஸ்ஸுதானுங்க. எந்நாளும் பஸ்ஸுதான். கடைல உக்காந்திருக்கறவங்க டீயக் குடிச்சுட்டு ஓடோணுமில்லீங்களா? எத்தன வருசமா கத்தறேன்!"

"ஓடற பையன் வந்தாச் சொல்லச் சொன்னா..."

"பையன்னு நீங்க எப்பச் சொன்னீங்க? வந்தா சொல்லுன்னீங்க. வந்துச்சு, சொன்னேன்."

தமிழில் ஒரு வசதி உண்டு, கவனித்திருப்பீர்கள். 'வந்தாச்சு' என்றால் போதும். வந்தது ஆளா, மாடா, மழையா, மாமியாரா என்று சொல்ல வேண்டியதில்லை. கேட்கிறவருக்குத் தெரியும் என்று நம்பிப் பேசுகிற பாஷை. ஆறு வாரமாக இப்ராஹிம் பாய் துல்லியமாக, கண்ணை எடுக்காமல், பாசத்துக்கு இடம் கொடுக்காமல் அளந்தது சேலம் பஸ்ஸை. சாமைச் சோறு சாப்பிட்டதால் தாமதமானது பஸ். முட்டையால் முந்திக்கொண்டதும் பஸ். மனசை யாரிடமோ பறிகொடுத்துவிட்டு வளைவில் படுத்துக்கொண்டதும் பஸ்தான்.

எல்லோரும் சிரித்தோம். சித்தன் சிரிக்கவில்லை. கடைப் படியில் உட்கார்ந்துவிட்டான்.

"அப்ப நான் ஒழுங்காத்தான் ஓடியிருக்கறனுங்களா?" என்று கேட்டான்.

ஒரு பையனை இப்படிக் கேட்க வைத்துவிட்டார்களே என்று எனக்குச் சிரிப்பு நின்று கோபம் வந்தது. பாய் என்ன சொன்னார் தெரியுமா? தொண்டையைச் செருமிக்கொண்டு, "அத இப்பச் சொல்ல முடியாது கண்ணு. பஸ்ஸுக்குச் சீரில்லைங்கறதுதான் நிரூபணம் ஆயிருக்குது. உனக்கு இன்னும் அளவே எடுக்கல" என்றார். அளவுக்காரர் தோற்ற சரித்திரம் கிடையாது.

காளியப்பன் மட்டும் என்ன இளைத்தவரா? சட்டைப் பையிலிருந்து தன்னுடைய ஸ்டாப்வாட்ச்சை எடுத்தார். அதே இனம், சம்பளம் வாங்குகிற கிளை. "ஏரிய ஒரு சுத்து சுத்தி வா. ரெண்டு வாட்ச்லயும் பாத்துருவோம்" என்றார். பாதி மலை இறங்கி ஏறி, உடம்பு ஆறிப்போன ஒருவனிடம்!

சித்தன் எழுந்தான். இந்தத் தடவை அவன் ஒரு சட்டம் போட்டான்.

"ஓடறனுங்க. ஒண்ணே ஒண்ணு. நான் வர்றப்ப வாட்ச்சப் பாக்காதீங்க. என்னையப் பாருங்க."

ஏரிக்கரைக்குப் போனோம். அவன் கிளம்பினான், இரண்டு கட்டைவிரலும் அமுக்கின. பனி அப்போதுதான் விலகத் தொடங்கியிருந்தது. எதிர்க் கரையில் மரங்களுக்கு நடுவே தெரிந்தான், மறைந்தான், தெரிந்தான். ஓட்டத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் எதிர்க் கரையில் எப்படிக் காலை வைத்தானோ அப்படியேதான் எங்கள் பக்கம் திரும்பும்போதும் வைத்தான். தோள் அசையவில்லை, முகத்தில் பயமே இல்லை. நம் பரிதாபமான உடம்பால் இப்படியும் முடியுமா என்று தோன்றியது. இப்ராஹிம் பாய் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பையனை அவர் முதல் தடவையாகப் பார்க்கிறார். சித்தன் எங்களைத் தாண்டிப் போய், நின்று, திரும்பினான்.

"நீங்க அமுக்குனீங்களா?" என்றார் காளியப்பன்.

"நீங்க அமுக்குவீங்கன்னு இருந்துட்டனுங்க" என்றார் பாய்.

இரண்டு வாட்ச்சும் ஓடிக்கொண்டே இருந்தன.

காளியப்பன் வாட்ச்சைச் சட்டைப் பைக்குள் போட்டார். "இவன எடுத்துக்கறேன்" என்றார். உடனே தலையைச் சொறிந்தார். "ஆனா ஆபீஸ்ல நான் பாத்தேன்னு எழுத முடியாதே. நேரம் போடோணும். ஆறு வாரத்துக்கும் போடோணும்."

அதற்கு வழி சொன்னவர், உங்களுக்கே தெரியும், இப்ராஹிம் பாய்தான். பஸ் ஸ்டாப்பில், காலை பஸ் வந்து சேர வேண்டிய நேரம் பலகையில் எழுதியிருந்தது. மில்லுக்குப் போன ஐந்து அளவையும் அடித்துவிட்டு, ஆறு மணிக்கும் அதற்கும் நடுவில் உள்ள நேரத்தை ஆறு வாரத்துக்கும் போட்டார்கள். உலகத்தில் அட்டவணையைப்போலச் சீரானது எது? சித்தன் உண்மையில் அதைவிட வேகம். பரவாயில்லை, மில்லுக்கு வேண்டியது சீர்தானே. அதே பஸ்ஸில், தாமதமாகவே, அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்து அவன் சேலத்துக்கு இறங்கினான். மாதம்மாள் இந்தத் தடவை கொண்டுவந்த ஆரஞ்சுக் கூடையை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

அதற்கப்புறமும் பாய் பல வருஷம், "நான் சீர் பண்ணி அனுப்புன பையனுங்க" என்று குடை வாங்க வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நாற்காலியை மட்டும் ரோட்டைப் பார்க்கத் திருப்பிப் போட்டுக்கொண்டார். கண் மடியில் இருந்த வாட்ச்சில்தான் இருந்தது.

நல்லவேளை, நமக்குத் துபாயில் தம்பி இல்லை, நம் கழுத்தில் வாட்ச் தொங்கவில்லை என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இன்றைக்குச் சாயங்காலம் உங்கள் வீட்டுக் கதவு திறக்கும். பள்ளிக்கூடத்திலிருந்தோ வேலையிலிருந்தோ யாரோ ஒருவர் களைத்துப்போய் வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே "வந்தாச்சு" என்பார். அப்போது உங்கள் கண் முதலில் எங்கே போகிறது என்று மட்டும் கவனியுங்கள். வாசலுக்கா, சுவர்க் கடிகாரத்துக்கா?